பழைய இறக்குமதி டீசல் ஜீப்: தொலைதூரப் பயணத்துக்கு எதைப் பார்த்து வாங்குவது?

கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி புதிய மோகம் அல்ல. தோட்டத்துக்கும் மலைக்கும் போய்வர ஒரு மகிந்திரா ஜீப் நின்ற வீடுகள் எத்தனையோ. அதே வீடுகளில் இப்போது லடாக், ஸ்பிட்டி, அருணாசலப் பிரதேசம், நேபாளம் என்று பேச்சு நடக்கிறது. புது வண்டி விலை கண்ணைக் கட்டுவதால் பழைய பிராடோ, மான்டெரோ, பஜேரோ, லேண்ட் குரூசர் பக்கம் கண் போகிறது. போகட்டும், தப்பில்லை. ஆனால் இந்த வண்டிகளை மாருதி வாங்குவது போல வாங்க முடியாது. முதல்முறை வாங்குகிறவர்கள் எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஜப்பானிலிருந்தோ துபாயிலிருந்தோ பழைய வண்டியை நாமே இறக்கிக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய வண்டியை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமானால் அது தயாராகி 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். வரிகளைக் கூட்டிப் பார்த்தால் வண்டி விலையையே தாண்டும். ஆகவே நாம் பேசப்போவது ஏற்கெனவே இங்கே வந்து, வரி கட்டி, பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளைப் பற்றி மட்டுமே.

எங்கே போகப்போகிறீர்கள்?

கோவையிலிருந்து லே வரை ஒரு வழிக்கே ஏறத்தாழ 3,500 கி.மீ. அதில் பெரும்பகுதி நான்குவழிச் சாலை. ஆற்றைக் கடப்பதும் பாறை ஏறுவதும் பயணத்தில் சொற்பம். நாள் முழுக்க 80, 90 வேகத்தில் ஓடியும் சூடேறாத இன்ஜின், நம்பகமான பிரேக், முதுகு வலிக்காத சீட், வேலை செய்யும் ஏசி, இவைதான் அதிகம் உதவும். ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), கூரைமேல் விளக்கு வரிசை எல்லாம் கடைசியில் யோசிக்க வேண்டியவை. விற்பவர் அவற்றைக் காட்டித்தான் விலை ஏற்றுவார்.

பணக் கணக்கு எளிது. கையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள். மீதிக்குத்தான் வண்டி தேட வேண்டும். ஒதுக்கிய பங்கு முதல் ஆண்டிலேயே பட்டறைக்குப் போய்விடும் என்பது என் கணிப்பு.

காகிதம் முதலில், வண்டி அப்புறம்

இந்த வகை வண்டிகளில் இன்ஜின் கெட்டுப்போனதால் மாட்டியவர்களைவிடக் காகிதத்தால் மாட்டியவர்கள் பாடுதான் மோசம். இன்ஜினைச் சரி செய்யலாம். கள்ளத்தனமாக வந்த வண்டியை யாராலும் சரி செய்ய முடியாது.

சந்தையில் மூன்று வகை இருக்கின்றன. கம்பெனியே இறக்கியோ, பாகங்களை இங்கே பூட்டியோ விற்ற வண்டிகள் ஒரு வகை. டொயோட்டா பிராடோ, மிட்சுபிஷி மான்டெரோ ஆகியவை முழு வண்டியாக இறங்கியவை. பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் நம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டப்பட்டது. இரண்டாம் வகை, தூதரகங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் கொண்டுவந்து, பிறகு வரி கட்டி உள்ளூரில் விற்றவை. பழைய லேண்ட் குரூசர்கள் பலவும் இப்படி வந்தவைதான். மூன்றாம் வகைக்குக் கதை மட்டும் இருக்கும், காகிதம் இருக்காது.

2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகச் சட்டவிரோதமாக வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வண்டிகளைத் தேடிச் சுங்கத்துறை கேரளம் முழுக்கச் சோதனை நடத்தியது. அதில் லேண்ட் குரூசர்களும் அடக்கம். வாளையாறு தாண்டினால் பாலக்காடு. நம் பக்கம் விலைக்கு வரும் பல வண்டிகள் அங்கிருந்து வருபவை. இப்படிப்பட்ட வண்டியைப் பணம் கொடுத்து நல்லெண்ணத்தில்தான் வாங்கினேன் என்று சொன்னாலும் பறிமுதலைத் தடுப்பது கடினம்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. கம்பெனி விற்ற வண்டி என்றால் முதல் விற்பனை ரசீது அல்லது கம்பெனி சர்வீஸ் வரலாறு. தனியாக வந்த வண்டி என்றால் சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியும் வரி கட்டிய சான்றும். நகலை மட்டும் நீட்டினால் மூலத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் வரிசை, கடன் பதிவு, காப்பீடு, கருப்புப் பட்டியல் எல்லாம் பாருங்கள். முதல் பதிவு எங்கே, எத்தனை மாநிலம் மாறியது என்று கேளுங்கள். பத்து வயது ஆன பிறகு தொலைதூர மாநிலம் ஒன்றில் 'முதல் பதிவு' நடந்திருந்தால், இடைப்பட்ட காலத்தில் வண்டி எங்கே இருந்தது என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் வேண்டும். வாயால் சொல்லும் பதில் கணக்கில் வராது.

சேசிஸ் எண்ணை நீங்களே குனிந்து பாருங்கள். ஒட்டிய தகட்டில் உள்ளதைவிட, இரும்புச் சட்டத்தில் வெட்டிய எண்தான் முக்கியம். அழுக்கைத் துடைத்து, வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலோ, சுற்றிலும் வெல்டிங் தடம் தெரிந்தாலோ கிளம்பி வந்துவிடலாம். இன்ஜின் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும். பழைய பெட்ரோல் லேண்ட் குரூசருக்குள் ஏதோ ஒரு டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டும் வழக்கம் உண்டு. அதை ஆர்டிஓ ஒப்புதலோடு ஆர்சியில் ஏற்றியிருந்தால் பேசலாம். 'அதெல்லாம் யாரும் பார்க்கமாட்டாங்க' என்றால், விபத்து நடந்த அன்று காப்பீட்டுக்காரர் பார்ப்பார்.

இன்னொன்று, பலர் கவனிக்காத செலவு. சொந்த வண்டிக்கு ஆர்சி 15 ஆண்டு. அதன்பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இந்தக் கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி வண்டிக்கு 40,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய வண்டிகளுக்கு அது முறையே 10,000 ஆகவும் 80,000 ஆகவும் உயர்ந்தது. பசுமை வரி தனி. ஆகவே வண்டி ஆர்சியில் இறக்குமதி என்று பதிவாகியிருக்கிறதா, அடுத்த புதுப்பிப்பு எப்போது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். திருவள்ளூர் பஜேரோவும் கப்பலில் வந்த மான்டெரோவும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. புதுப்பிக்கும் அன்றுதான் வித்தியாசம் தெரியும்.

டெல்லி வண்டி பற்றியும் சொல்ல வேண்டும். 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் பிறப்பித்த உத்தரவுகளால், தலைநகர் வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்கு நெருக்கடி வந்தது. அங்கே மலிந்த வண்டிகள் தெற்கே இறங்கின. விலை நல்ல விலைதான், ஆனால் அங்குள்ள ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் வராமல் முன்பணம் தர வேண்டாம். இங்கே கொண்டுவந்து பதியும்போது நம் மாநில ஆயுள் வரியும் சேரும். அதையும் கூட்டினால் மலிவு அத்தனை மலிவாகத் தெரியாது. இந்த உத்தரவுகள் அதன்பிறகும் திருத்தப்பட்டு வந்திருக்கின்றன; எனவே பழைய டீசல் வண்டியோடு வடக்கே கிளம்பும் முன் அன்றைய நிலை என்ன என்று பாருங்கள். தலைநகர் வட்டாரம் டெல்லி நகரோடு முடிவதில்லை. பானிபட், கர்னால் எல்லாம் அதற்குள்தான். சந்தேகம் இருந்தால் ராஜஸ்தானில் பிகானேர் வழியாகப் பஞ்சாபுக்கு ஏறிவிடலாம், சாலையும் நன்றாக இருக்கிறது.

இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி கிடைத்தால்? படம் எடுக்க அழகு. திம்பம் மலையில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முந்த முயலும்போது எதிரே வருவது தெரியாது. தொலைதூரத்துக்கு வேண்டாம்.

எந்த இன்ஜின்?

என் கட்சி இதுதான்: உள்ளூரில் உடன்பிறப்பு இருக்கும் இன்ஜினை வாங்குங்கள். அதாவது, அதே இன்ஜினோ அதே குடும்பத்து இன்ஜினோ இந்தியாவில் ஆயிரக்கணக்கில் ஓடும் ஒரு வண்டியில் இருக்க வேண்டும். அப்போதுதான் பீகாரில் ஒரு சிற்றூர்ப் பட்டறையிலும் அதைக் கழற்றிப் பழகிய கை இருக்கும், டவுன் கடையில் உதிரிபாகம் இருக்கும்.

இந்தக் கணக்கில் 3.0 லிட்டர் டீசல் பிராடோ முதலில் நிற்கிறது. அதிலுள்ள 1கேடி இன்ஜின்தான் 2009-ல் இங்கே வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரிலும் இருந்தது. இன்னோவாவின் 2.5 லிட்டர் இன்ஜின் அதே குடும்பம். இன்னோவா பழகாத மெக்கானிக் நாட்டில் உண்டா? பாடி, சஸ்பென்ஷன் சாமான்கள் வேறுபடலாம், ஆனால் நடுவழியில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் இன்ஜின் பக்கத்துச் சாமான்தான்.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வாஷர் கசிந்தால் கரி ஆயிலில் கலக்கும். அது சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் உறிஞ்சும் வலையை மெல்ல அடைக்கும். ஆயில் மேலே ஏறாமல் இன்ஜின் ஜாம் ஆகும். ஆகவே வாங்கும் முன்பே முடிந்தால், இல்லாவிட்டால் வாங்கிய கையோடு, அந்த வலையைப் பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'போன வருஷம்தானுங்க மாத்துனோம்' என்பது ரசீது ஆகாது.

பஜேரோ 2.8 சங்கிலி டைமிங் கொண்டது, உழைப்பாளி. ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் ஹெட்டில் விரிசல் விடும் குணம் உண்டு. மிட்சுபிஷி இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டதால் புதுச் சாமான் தேடி அலைய வேண்டும். ஆனாலும் இந்தியா முழுக்க ஓடிய வண்டி என்பதால் பழைய சாமான் சந்தையில் கிடைக்கிறது. 3.2 மான்டெரோ இன்னும் சொகுசு, இன்னும் அரிது.

4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் லேண்ட் குரூசர்கள், குறிப்பாகக் கணினி இல்லாத பழைய 1எச்இசட், உலகம் முழுக்க ஐ.நா. அமைப்புகளும் உதவி நிறுவனங்களும் பாலைவனத்தில் ஓட்டிய இன்ஜின். பராமரித்தால் பேரன் காலம் வரை ஓடும். டர்போ இல்லாததால் உயரத்தில் மூச்சு வாங்கும்: லடாக்கின் கர்துங் லா மாதிரி 5,300 மீட்டர் கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். கரும்புகை விட்டுக்கொண்டு மெதுவாக ஏறும், ஏறிவிடும். ஆனால் இந்தியாவில் இதற்கு உடன்பிறப்பு இல்லை. முதல் வண்டியாக வாங்க நான் சொல்லமாட்டேன்.

2.7 லிட்டர் வி6 டீசல் டிஸ்கவரி போன்ற, காற்று சஸ்பென்ஷனும் கணினியும் நிறைந்த வண்டிகள் பழைய விலையில் ஆசை காட்டும். வாங்கும் விலைதான் பழையது, சாமான் விலை புதியது.

கணினி உள்ள இன்ஜினா, இல்லாததா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. கோவை லேத்தில் புஷ் கடையலாம், ஷாஃப்ட் கடையலாம், தேய்ந்த இடத்துக்கு ஸ்லீவ் போடலாம். இசியூ என்ற இன்ஜின் கணினியைக் கடைய முடியாது. அதே சமயம் கணினி டீசலை அளந்து தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜின் நம் ஊர்களில் இருபது ஆண்டாக ஓடுகிறது, அதைப் பார்க்கும் பம்ப் கடைகள் எல்லா மாவட்டத் தலைநகரிலும் உண்டு. அதற்கு எதிரி தண்ணீர் கலந்த டீசல். பழைய இயந்திரப் பம்ப்புக்கு எதிரி வேறு: 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்கக் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வந்தபிறகு, பழைய பம்ப்புகளின் ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவதைப் பார்க்கலாம். சீல் மாற்றிக் காலிபரேஷன் செய்தால் தீர்ந்தது. வழக்கமான ஊர்கள் வழியாக மட்டும் போகிறவர்களுக்குக் காமன் ரெயிலே போதும் என்பேன்.

24 வோல்ட் வண்டி என்று சொன்னால் பயந்துவிட வேண்டாம். சில பழைய லேண்ட் குரூசர்கள் அப்படித்தான். பல்பும் செல்ஃப் மோட்டாரும் லாரிக் கடைகளில் கிடைக்கும், நாமக்கல்லில் கேட்டால் சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார்கள். போன் சார்ஜர், குளிர்பெட்டிக்குத்தான் தனியாக 12 வோல்ட் கன்வெர்ட்டர் போட வேண்டியிருக்கும்.

காலையில், குளிர்ந்த இன்ஜினோடு

பார்க்க வருவதாக முந்தைய நாளே சொல்லிவிட்டு, 'நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாமுங்க' என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் இன்ஜின் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள்.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள். நிறமுள்ள கூலன்ட் இருக்க வேண்டும். செம்மண் நிறத் தண்ணீர் இருந்தால் போர்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் படிந்து, சமவெளியில் தெரியாமல் இருந்து, மலையில் வேலையைக் காட்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கட்.

இப்போது சாவி. ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். லேசான வெண்புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. மறையாத, இனிப்பு வாசனை அடிக்கும் வெண்புகை கூலன்ட் எரிவது. நீலம் என்றால் ஆயில். மிதித்தால் மட்டும் கருப்பு என்றால் ஏர் ஃபில்டர், டர்போ குழாய், இன்ஜெக்டர் என்று பார்த்துச் சரிசெய்யக்கூடிய வகை. அப்புறம் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடலாம். தூக்கி எறிந்து குபுகுபுவென்று புகை வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது. போர் வேலைக்கான செலவைக் கணக்கில் எடுங்கள்.

இங்கே வெயில் ஊருக்கே உரிய மூன்று குறைகள் உண்டு. விற்பவருக்கே தெரிந்திருக்காது. ஒன்று, ஹீட்டர் பிளக். நம் ஊர் சூட்டில் அது செத்துப் பல வருடம் ஆகியிருந்தாலும் பல இன்ஜின்கள் ஸ்டார்ட் ஆகிவிடும். இமாச்சல மலையில் உள்ள கீலாங்கில் விடியற்காலை ஆகாது. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு, தெர்மோஸ்டாட். சூடேறும் வண்டிக்கு வைத்தியமாக அதைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் இங்கே உண்டு. ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். சற்று நேரம் குளிர்ந்திருந்து பிறகு ஒரேயடியாகச் சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. அதை ஏன் கழற்றினார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. மூன்று, உள்ளே சூடான காற்று தரும் ஹீட்டர். கசிந்ததென்று குழாயை பைபாஸ் செய்திருப்பார்கள். ஏசி நாப்பைச் சிவப்புப் பக்கம் திருப்பி அனல் வருகிறதா என்று பாருங்கள்.

'வண்டி ஓட்டவே இல்லைங்க, தோட்டத்துலயே நிக்குது' என்பதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நின்ற வண்டியில் டீசல் டேங்க்கில் கசடு படியும், பிரேக் காலிப்பர் பிடித்துக்கொள்ளும், டயர் உள்ளே செத்திருக்கும். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ரசீதோடு மூன்று லட்சம் கி.மீ. ஓடிய வண்டியை, ரசீது இல்லாமல் 80,000 காட்டும் வண்டிக்கு மேலாக வைப்பேன்.

அடியில் படுத்துப் பாருங்கள்

சேசிஸ்தான் வண்டி. மற்றதை எல்லாம் மாற்றலாம். கொங்கு மண் வறண்டது, இங்கேயே ஓடிய வண்டியில் துரு குறைவு. சென்னை, கொச்சி, மும்பை வண்டி என்றால் ஸ்குரூ டிரைவர் பிடியால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் உள்ளே அரித்திருக்கிறது. அண்மையில் அடித்த கருப்பு அண்டர்கோட் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம். ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டிய இடத்தையும், பின் ஸ்பிரிங் தாங்கிகளையும் விரிசலுக்குப் பாருங்கள்.

ஃபோர் வீலைச் சோதிக்க உழுது போட்ட காடுதான் சரியான இடம், தார்ச்சாலை அல்ல. பகுதிநேர அமைப்பைத் தாரில் போட்டுத் திருப்பினால் கியர்கள் இறுகிக்கொள்ளும். ஹை, லோ இரண்டும் விழ வேண்டும், கழல வேண்டும், லோவில் முன்சக்கரம் உண்மையிலேயே இழுக்க வேண்டும். பிராடோ எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடுவது. அதில் நடு டிஃபரன்ஷியல் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும். முழு ஹவுசிங் (இரு முன்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு) கொண்ட பழைய லேண்ட் குரூசரில் முன்சக்கரத் திருப்பு உருண்டையில் கிரீஸும் ஆயிலும் கலந்து வழிந்தால் உள் சீல் போயிருக்கிறது. நாள் கணக்கில் பிடிக்கும் வேலை, ஆனால் பயப்பட வேண்டியதில்லை. பல ஆண்டு தொடாத லீவரைத் தொட வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால், விலையில் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) கழித்துவிட்டுப் பேசுங்கள்.

டயர் அளவும் பாருங்கள். 265/70 ஆர்16 பெரிய ஊர்களில் கிடைக்கும். பழைய 7.50-16 இன்னும் வசதி, அது டாடா 407 ரகத்து அளவு.

மலை ஏற்றிப் பாருங்கள்

சமவெளியில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு முடிவெடுக்க வேண்டாம். பரிசோதனைக்கு ஏற்ற மலைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பண்ணாரியிலிருந்து திம்பம், 27 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. நாமக்கல் பக்கம் என்றால் கொல்லிமலை, 70. பகல் வெயிலில், ஏசி போட்டு, நான்கு ஆள் ஏற்றிக்கொண்டு போங்கள். வெப்பமானி முள் பாதியைத் தாண்டக் கூடாது. உச்சியில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, கூலன்ட் பொங்குகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர். அப்படியும் பிரேக் மிதி ஆழமாக இறங்கினாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். திம்பத்தில் இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு, காலையிலேயே கிளம்புவது நல்லது.

திரும்பி வந்ததும் நேராக ஒரு நல்ல பட்டறை. விற்பவர் சொல்லும் பட்டறை அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்தது. கம்ப்ரஷன் அளவு, காமன் ரெயில் என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை, ஸ்கேனரில் பிழைக் குறியீடு. கம்ப்ரஷனில் எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் குறைவாக இருப்பது முக்கியம். சோதனைச் செலவு உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், யோக்கியமான விற்பனையாளர் மறுக்கமாட்டார்.

விலை பேசிக் கைமாற்றுவது

குறைகளைத் தாளில் எழுதி, பட்டறை சொன்ன தொகையைப் பக்கத்தில் போட்டுக் காட்டிப் பேசுங்கள். வாய்ச்சண்டை வேண்டாம். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள், கடன் இருந்திருந்தால் வங்கி முத்திரையோடு 35, வேறு ஆர்டிஓ எல்லையிலிருந்து வந்தால் என்ஓசிக்கு 28, வெளிமாநில வண்டிக்குப் புது எண் வாங்க 27. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டியைக் கொடுத்துவிட்டு 'அப்புறம் மாத்திக்கலாங்க' என்று சொல்பவரிடம் முழுப் பணத்தைத் தராதீர்கள். பெரிய பம்பர் பொருத்திய வண்டி என்றால் அதைக் கழற்றி வாங்குங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அத்தகைய கிராஷ் கார்டுகளைத் தடை செய்துவிட்டது, பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்சிக்கு விடமாட்டார்.

வாங்கிய பிறகு

எல்லா ஆயில்களும், எல்லா ஃபில்டர்களும், எல்லா பெல்ட்டும் ஹோஸும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். டீசல் டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள். வேலைக்கேற்ற ஊர் பார்த்துப் போவது நல்லது: பம்ப், இன்ஜெக்டர், லேத் வேலை என்றால் கோவை. ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது, சேசிஸ் நேர் பார்ப்பது என்றால் நாமக்கல், திருச்செங்கோடு. நாடு முழுக்கப் போகும் லாரிக்கும் போர்வெல் ரிக்குக்கும் வேலை பார்த்த கைகள் அங்கே இருக்கின்றன. உள்ளே படுக்கை, அலமாரி கட்ட வேண்டுமானால் பஸ் பாடி கட்டும் கரூரில் கேளுங்கள். எடை ஏற்றும் ஆசையை மட்டும் அடக்குங்கள். கூரைமேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் தெரியும்.

பிறகு இரண்டு மாதம் பக்கத்திலேயே ஓட்டுங்கள். ஊட்டி, மூணாறு, ஹம்பி என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குறை வெளியே வரும். வரட்டும். லடாக்குக்குக் கிளம்பும்போது பையில் இருக்க வேண்டியவை: டீசல் ஃபில்டர் இரண்டு, பெல்ட் ஒரு செட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், ஃபியூஸ், ரிலே, ஒரு சக்கர பேரிங், ஆயில் சீல்கள், சைலன்சர் கட்டும் கம்பி, எம்-சீல், கையால் அடிக்கும் டீசல் பிரைமர் பம்ப். குளிர்காலத்தில் லடாக்கில் சாதாரண டீசல் உறையும். 2019 நவம்பர் முதல் இந்தியன் ஆயில் அங்கே குளிர்கால டீசல் விற்கிறது. ஏறும் வழியில் நிரப்பிய பழைய டீசலை முடிந்தவரை தீர்த்துவிட்டு அதைப் போடுங்கள்.

எல்லை தாண்டும் திட்டம் இருந்தால் நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் எல்லையிலேயே அனுமதிச் சீட்டு வாங்கிப் போகலாம். ஈரான் பக்கம் போக வேண்டுமென்றால் கார்னெட் (வண்டியைத் தற்காலிகமாக வரியின்றிக் கொண்டுபோகும் சுங்க ஆவணம்) வேண்டும். அதை மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற அமைப்புகள் தருகின்றன. அதற்கான பிணைத்தொகை வண்டியின் மதிப்பை வைத்து வருவது, ஆகவே பழைய வண்டி இங்கே லாபம். சர்வதேச ஓட்டுநர் உரிமம் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்திலேயே கிடைக்கும், ஓராண்டு செல்லும். ஆர்சி, காப்பீடு, பில் ஆஃப் என்ட்ரி ஆகியவற்றின் மூலங்களையும் இரண்டு செட் நகல்களையும் தனித்தனிப் பைகளில் வையுங்கள். நகலில் ஒரு செட் உங்களிடம், மற்றொன்று கூட வருபவரிடம்.